ஏழாம் நம்பரும் நெஞ்சுக்கறியும்

டீ நன்றாக இருக்கிறது. பாலும் சரியான அளவு. ஆனால் உங்கள் கெட்டிலை யாராவது ஒருதரம் உள்ளே பார்க்க வேண்டும். அது கொதிக்க எடுத்துக்கொள்கிற நேரத்தையும் கொதிக்கும்போது போடுகிற சத்தத்தையும் வைத்துச் சொல்கிறேன், அடியில் சுண்ணாம்பு நன்றாகப் படிந்திருக்கிறது. குறை சொல்லவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் அப்படி. எங்கே சூடு இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

என் வயதுக்கு உங்களைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் பெயர் சபிர்ஜான். இந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் தலைமைக் கணக்கீட்டுப் பொறியாளர். யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாம் நம்பர் விஷயத்தில் உங்கள் விசாரணை அறிக்கை முடிந்துவிட்டது என்று தெரியும். அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் வேலை படிவுக் கணக்கு. ஆலையில் வெப்பப் பரிமாற்றிகள் என்று நீளமான இரும்பு உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கட்டுக்கட்டாகக் குழாய்கள். குழாய்க்குள் தண்ணீர் ஓடும், வெளியே எண்ணெய் ஓடும். எண்ணெய் தன் சூட்டை இறக்கிவைக்கும், தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போகும். குழாயின் சுவரில் அழுக்குப் படியப் படிய இந்தக் கொடுக்கல் வாங்கல் மந்தமாகும். ஒருநாள் அடியோடு படுத்துவிடும். அந்த நாள் எது என்று முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு நாளில் ஒட்டுவது எவ்வளவு, ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போவது எவ்வளவு, கழித்தால் மிச்சம் எவ்வளவு. மிச்சத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டைத்தான் நாங்கள் மாடல் என்கிறோம்.

வீட்டில் பேசாமல் விட்ட பேச்சும் இப்படித்தான் படிகிறது என்று என் மனைவி ரௌஷன் ஒருமுறை சொன்னாள். அதை அளக்கக் கருவி இல்லை என்று நான் பதில் சொன்னேன். அது உண்மைதானே.

இனி நெஞ்சுக்கறிக்கு வருகிறேன். நீங்கள் தலைநகர் அஸ்தானாவில் வளர்ந்தவர். இருந்தாலும் நம்மவர்கள் வீட்டு விருந்தில் ஆட்டின் எந்தப் பாகம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தலை பெரியவருக்கு. நெஞ்சுக்கறி மாப்பிள்ளைக்கு. ஓர் ஆட்டுக்கு ஒரு நெஞ்சுதான். பதினெட்டு வருடம் என் மாமனார் பெக்தேமிர் வீட்டில் அதை நான் ஒருவனே சாப்பிட்டேன். அவர் இந்த ஆலையில் எங்கள் யூனிட்டின் முன்னாள் தலைவர். வாய் திறந்தால் ஊரே கேட்கும். அவர் கையால் எடுத்து வைக்கிற நெஞ்சுக்கறிக்கு ஒரு தனி ருசி உண்டு. ருசி என்பது கொழுப்பில் இல்லை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிற பார்வையில் இருக்கிறது.

அப்புறம் ரௌஷனின் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு ஒரு சகலை வந்தான். கைரொல்லா. உங்களுக்கு அவனைத் தெரியும், போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருப்பான். எங்கள் யூனிட்டிலேயே ஷிப்ட் தலைவன். அகலமான ஆள், அடர்ந்த மீசை, எதற்கும் கவலைப்படமாட்டான். எதைக் கேட்டாலும் "ஓடும், ஓடும்" என்பான். முதல் விருந்தில் மாமா கத்தியை எடுத்து நெஞ்சுக்கறியைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவனுக்கு. மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். நானும் சாப்பிட்டேன். ஆனால் பாதி நெஞ்சுக்கறி சாப்பிடுகிறவன் பாதி மாப்பிள்ளை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

போன குளிர்காலத்து விருந்தில்தான் ஏழாம் நம்பரைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரிய பம்புகளின் எண்ணெயைக் குளிரவைக்கிற பரிமாற்றி அது. மற்றவற்றைப்போல ஆலையின் குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரோடு சேராது, அதற்கென்று தனியாக ஒரு சின்னத் தொட்டி, தனிச் சுற்று. மே பதினான்காம் தேதி அது அடைத்துக்கொள்ளும் என்று என் மாடல் சொல்லியிருந்தது. அதற்குமுன் நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"மே பதினாலா?" என்றான் கைரொல்லா, வாய் நிறைய வேகவைத்த மாவுத் துண்டோடு. "அது இலையுதிர் காலத்துப் பெரிய பராமரிப்பு வரைக்கும் ஓடும். சகலையோட மாடல் எனக்குத் தெரியாதா? நேத்து நடந்தத நாளைக்கு ரொம்பச் சரியா சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரௌஷனும் சிரித்தாள். அதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

"நீ சொன்ன தேதிக்கு நிக்குமா மாப்பிள்ள?" என்று மாமா கேட்டார்.

"நிக்கும் மாமா."

"ஓடும் மாமா," என்றான் அவன்.

மாமா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்தார். "ரெண்டு பேரு சண்டையும் எனக்குப் போதும். மே பதினாலு. நின்னா முழு நெஞ்சுக்கறியும் பெரியவனுக்கு. நிக்கலன்னா சின்னவனுக்கு. தோத்தவனுக்குக் கழுத்தெலும்பு. சாகுற வரைக்கும்."

"யாரு சாகுற வரைக்கும் மாமா?" என்றான் கைரொல்லா.

"நான்தான். அப்புறம் நீங்க அடிச்சுக்கிட்டா எனக்கென்ன."

இதைப் பந்தயம் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது ஒரு பரிசோதனை.

பிப்ரவரி கடைசியில் அளவுகளை எடுத்துக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இருந்தன. ஏழாம் நம்பர் சுத்தமாக இருந்தது. இருக்க வேண்டியதைவிடச் சுத்தமாக. ஒரு பொறியாளன் இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு கேள்வி கேட்பான். மாடல் தவறா, அளவு தவறா? மாடலை நான் மூன்று வருடமாகத் திருத்தித் திருத்திச் செய்திருக்கிறேன். அதனால் அளவைப் பார்க்கப் போனேன்.

எண்ணெய் வெளியேறும் குழாயின்மேல் ஒரு வெப்பமானி கட்டியிருக்கும். அது காற்றில் நின்றுகொண்டிருந்தது. புல்வெளிக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கன்னத்தை அறைகிற காற்று. அதற்குக் குளிர்ந்திருக்கிறது, அதனால் குறைவாகக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை, ரௌஷன் எனக்காகப் பின்னியது, எடுத்துப்போய் அதற்கு மாட்டிவிட்டேன். புள்ளி ஏறியது. பொய் சொல்ல வைத்தேன் என்று நினைக்காதீர்கள். குளிரில் நடுங்குகிறவன் உளறுவான், போர்வை கொடுத்தால் உண்மையைப் பேசுவான்.

கைரொல்லாவின் ஆட்கள் இரண்டே நாளில் அதைக் கழற்றிவிட்டார்கள். யாரோ தொலைத்த காலுறை என்று நினைத்துச் சாப்பாட்டு அறையில் ஆணியில் மாட்டிவைத்தார்கள். அது அங்கே ஒரு வாரம் தொங்கியது. நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்து சூப் குடித்தேன்.

அதன்பின் தண்ணீர் வால்வைக் கொஞ்சமே கொஞ்சம் மூடினேன். தண்ணீர் மெதுவாக ஓடினால் அழுக்கு நன்றாக ஒட்டும், இது சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மறுநாள் போய்ப் பார்த்தால் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திறந்திருந்தது. இது அதிர்வினால் நடக்கிறது என்று முடிவு செய்து, மாடலில் அதிர்வுக்கு ஓர் எண்ணைச் சேர்த்தேன். இன்று யோசித்தால் அந்த அதிர்வுக்கு மீசை இருந்திருக்கிறது.

குர்த் யோசனை எனக்கு வீட்டு அடுக்களையில்தான் வந்தது. ரௌஷன் குர்த் உருண்டைகளை வெந்நீரில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, கல்லைப்போல இருக்கும், சூடு பட்டால் மெல்ல மெல்லப் பாலாகும். அவள் சூப்பை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போட்டபோது அடியைப் பார்த்தேன். வெள்ளையாக, ஒரே சீராக, விரலால் சுரண்டினாலும் வராத ஒரு படலம். இருபத்தைந்து வருடமாகப் படிவைப் படிக்கிறேன். இவ்வளவு அழகான படிவை நான் பார்த்ததில்லை.

"பாத்திரத்த ஏன் இப்படி முறைச்சுப் பாக்குறீங்க?" என்றாள்.

"நல்லா இருக்கு," என்றேன்.

"சூப் குடிக்காமலேயா?"

வீட்டுக் குர்த்தை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் சந்தைக்குப் போனேன். அங்கே பகிலா என்று ஒரு விதவை, குர்த் விற்பவள். சத்தமாகச் சிரிப்பாள், நிறுத்துக் கொடுத்தபின் கைப்பிடி நிறைய மேலே போடுவாள். வாரத்தில் மூன்று தடவை போனேன். முதலில் பையில், பிறகு சாக்கில். "உங்க வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "ஒருத்திக்குத்தான்," என்று சொன்னேன். எனக்கு ஏழாம் நம்பர்தான் நினைவில் இருந்தது. அவள் நெஞ்சில் கை வைத்து, "குடுத்து வச்சவ," என்றாள்.

தொட்டியின் மூடி ஷிப்ட் மாறும் நேரத்தில் யார் கண்ணிலும் படாது. கோட்டுப் பைகளில் குர்த்தை நிரப்பிக்கொண்டு போவேன். காலையில் வந்ததும் மாடலின் கோட்டைப் பார்ப்பேன். இன்று எவ்வளவு படிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குர்த். தங்கச்சி, நான் மனம்போன போக்கில் கொட்டியவன் இல்லை. குர்த்துக்கு ஒரு குணகம் கண்டுபிடித்து மாடலில் சேர்த்தேன். அதற்குப்பின் புள்ளிகள் கோட்டின்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல. தொழிலில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. என் மாடலின் துல்லியத்தைப் பாராட்டி ஆலையின் செய்திப் பலகையில் என் படத்தை ஒட்டினார்கள்.

சில நாள் மட்டும் புள்ளி திடீரென்று கீழே விழும். இரவோடு இரவாக யாரோ குழாயைத் தேய்த்துக் கழுவியதுபோல. அதற்கும் ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டு, குர்த்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஒட்டகங்கள் வந்தது ஏப்ரலில். தொட்டியின் காற்றுப்போக்கி வழியாக ஓர் இளஞ்சூடான புளித்த பால் வாசனை போய்க்கொண்டிருந்தது. மேயப்போன ஒட்டகங்கள் ஆலையின் மேற்கு வேலியோரம் வந்து வரிசையாக நின்றன. நாள் முழுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. பாதுகாப்புத் தலைவர் விசில் ஊதிப் பார்த்தார், துடைப்பத்தால் அடித்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. என்னைத் தெருநாய்கள் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டுப்போகும். இதையெல்லாம் யாராவது சேர்த்துப் பார்த்திருந்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. இதில் ஆலையின் பொறுப்பும் கொஞ்சம் இருக்கிறது.

சேர்த்துப் பார்த்தவள் ரௌஷன் ஒருத்திதான். அவள் வேறு விதமாகச் சேர்த்துவிட்டாள்.

"அந்த பகிலா கடையில உங்களுக்கு என்ன வேல?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"குர்த் வாங்கப் போனேன்."

"வாரத்துல மூணு தடவையா?"

"ஆமா."

"சாக்கு சாக்கா வாங்கினீங்களாம். வீட்டுக்கு ஒரு உருண்ட வரலியே. எங்க போச்சு?"

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருத்திக்குத்தான்னு சொன்னீங்களாம். சந்தையே பேசுது. அந்த ஒருத்தி யாருன்னு நானும் தெரிஞ்சுக்கலாமா?"

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஐம்பது வயதில் ஓர் ஆண் ஒரு விதவையிடம் மயங்கினான் என்றால் ஊர் நாலு நாள் சிரிக்கும், அப்புறம் மறந்துவிடும். ஒரு பொறியாளன் தன் அளவுகளில் கை வைத்தான் என்றால் மறக்கவே மறக்காது. எது சின்ன அவமானம் என்று கணக்குப் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். ரௌஷன் மேசையைத் துடைத்தாள். பிறகு டீ போடுகிற சமோவாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தும்போது, "கோட்டையாவது துவைச்சுப் போடுங்க, ஆடு மாதிரி நாறுது," என்றாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

மே பதினான்காம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன், ஏழாம் நம்பர் நின்றது. எண்ணெய் சூடேறி, பம்புகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அணைந்து, யூனிட் முழுக்க அமைதியானது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கமாட்டேன்.

பரிமாற்றியின் மூடியைக் கழற்றினார்கள். யோசனை கேட்க மாமாவையும் வரவழைத்திருந்தார்கள். உள்ளே குழாய் குழாயாக, ஓரம் வரை, கெட்டியாக, மங்கலான வெள்ளையில் ஏதோ அடைத்திருந்தது. சுத்தம் செய்கிற ஆள் ஒருவன் கம்பியை விட்டுத் தள்ளினான். மறுபக்கம் நீளமாக, உடையாமல், வழவழப்பாக ஒன்று வெளியே வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். மாமா மட்டும் குனிந்து ஒரு துண்டைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

"பாலாடைக்கட்டி," என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். "உப்பு சரியா இருக்கு. புளிப்புத்தான் தூக்கல். எவன்டா இதுல வினிகர் ஊத்துனது?"

கைரொல்லாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவன் பின்னால் அவனுடைய அலமாரி திறந்து கிடந்தது. அதில் வினிகர் கேன்கள் அடுக்கியிருந்தன. வேலியோரம் ஒட்டகம் ஒன்று கத்தியது.

மீதி உங்களுக்கு அவனே சொல்லியிருப்பான். கெட்டிலில் வினிகர் ஊற்றினால் சுண்ணாம்பு போகும் என்பது அவனுக்குத் தெரிந்த ஒரே வேதியியல். பிப்ரவரியிலிருந்து தன் ஷிப்ட் வரும்போதெல்லாம் ஏழாம் நம்பர் தொட்டியில் வினிகர் ஊற்றியிருக்கிறான். வால்வைத் திறந்துவைத்ததும் அவன்தான். நெஞ்சுக்கறிக்காக ஒரு மனிதன் இவ்வளவு கீழே இறங்குவானா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் பாலைப் போட, அவன் புளிப்பை ஊற்ற, சூட்டை எண்ணெய் கொடுக்க, எங்கள் இருவருக்கும் தெரியாமல் ஏழாம் நம்பர் உட்கார்ந்து பாலாடைக்கட்டி செய்திருக்கிறது.

அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஆடு வெட்டினார். வாக்கு வாக்குதான் என்றார். முழு நெஞ்சுக்கறியையும் தூக்கி என் முன்னால் வைத்தார். கழுத்தெலும்பைக் கைரொல்லா தட்டில் போட்டார். பரிமாற வந்த ரௌஷன் என் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் சாறு என் சட்டையில் தெறித்தது.

"சாப்பிடு சகலை," என்றான் கைரொல்லா. "நீ சொன்ன தேதிதான் ஜெயிச்சது. நான் ஊத்துனது தப்பு, ஒத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வினிகர் நான் ஊத்துனேன், சரி. பால் எங்கேர்ந்து வந்துச்சு?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் என்னைத்தான் பார்த்துக் கேட்டான், குற்றம் சாட்டி இல்லை, படித்தவன் நான் சொல்வேன் என்று நம்பிக் கேட்டான். என் வாயில் நெஞ்சுக்கறி இருந்தது. வாயில் சோறு இருக்கும்போது பேசக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் மென்றேன். முழுதும் மென்று முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை. ஓரத்துக் குருத்தெலும்பையும் விடவில்லை. முடித்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது. ருசி எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? உப்புக் குறைவு.

அதன்பின் மூன்று வாரம் ஆலைக்குப் போவதும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதுமாக இருந்தேன். கைரொல்லா ஆலை வாசலில் தினமும் வந்து நிற்பதைப் பார்ப்பேன், யாராவது உள்ளே கூப்பிடுவார்களா என்று. ஒருநாள் என்னைப் பார்த்துக் கை காட்டினான். நானும் கை காட்டினேன். அப்போதும் நான் இங்கே வரவில்லை.

நேற்று உங்கள் அறிக்கை என் கைக்கு வந்தது. பால் எங்கிருந்து வந்தது என்பதற்கு அஸ்தானா நிபுணர்கள் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தண்ணீரில் தானாக வளர்ந்த ஏதோ ஒருவகைப் பாசி, வினிகரைத் தின்று பெருத்தது என்று. சிரித்துவிட்டேன். பரவாயில்லை, அதை விட்டுவிடலாம். அதற்கடுத்த வரியைத்தான் மூன்று தடவை படித்தேன். மே பதினான்கு என்று மாடல் சொன்னதும், அதே நாளில் பரிமாற்றி நின்றதும் தற்செயல். மாடல் நம்பத்தக்கதல்ல, கைவிடலாம் என்று எழுதியிருந்தது.

தற்செயல்.

தங்கச்சி, இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் கோட்டைப் பார்த்து, குறைவதை எடைபோட்டு, என் கையால் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். சந்தை சிரித்தது, நாய் துரத்தியது, பெண்டாட்டி போனாள். அதற்குப் பெயர் தற்செயலா? அதில் ஒரு புள்ளிகூடத் தற்செயலாக வந்து உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் நான் உட்காரவைத்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு என் வாக்குமூலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் நம்பரை அடைத்தது நான். பம்புகளை நிறுத்தியது நான். கைரொல்லா ஊற்றிய வினிகர் மட்டும் என்றால் குழாய்கள் பளபளவென்று இருந்திருக்கும், அதையும் மாடல் சொல்லும். ஆமாம், அவனை வேலையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதைச் சொல்ல மறந்தே போயிருப்பேன்.

இங்கே வருமுன் ரௌஷனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பகிலா இல்லை, வேறு யாரும் இல்லை, குர்த் முழுக்க ஏழாம் நம்பருக்குத்தான் போனது என்றேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பகிலாவா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்," என்றாள். "அவளாவது மனுஷி."

"ஆனா தேதி சரியா வந்துச்சு ரௌஷன்," என்றேன்.

அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்போது திரும்பி வருவாள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆகஸ்டு கடைசி என்று வருகிறது. அதற்குள் அவள் அப்பா வீட்டு அடுப்பு பழுதாகும் என்று நினைக்கிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். வேறு பேனா வேண்டாம், இதுவே எழுதும். நான் மாடலைத்தான் காப்பாற்ற வந்தேன், என்னையல்ல. இதை நீங்கள் நல்லபடியாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போகுமுன் ஒன்று. நீங்கள் எனக்கு மரியாதையாக டீ கொடுத்தீர்கள், பதிலுக்கு நான் செய்யக்கூடியது இதுதான். பேசிக்கொண்டே கணக்குப் போட்டுவிட்டேன். உங்கள் கெட்டில் அடுத்த வியாழக்கிழமை நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆள் அனுப்புங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.